இரண்டு உருண்டையும் வெறும் வயிறும்

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஆறாவது மாதம், கிளினிக்கில் என் பிங்க் புத்தகத்தின் அட்டையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிங்க் புத்தகம் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது. பிரசவம் ஆகும்வரை போகும் இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மஞ்சள் ஒட்டினால் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். எனக்கு ரத்தத்தில் சீனி ஏறியிருந்தது.

"பயப்படாதீங்க. பிள்ளை வெளிய வந்ததும் பெரும்பாலும் சீனியும் போயிடும். ஆறு வாரம் கழிச்சு வந்து ஒரு டெஸ்ட் எடுங்க. போயிடுச்சா, இல்ல உங்க கூடவே தங்கிடுச்சான்னு தெரிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதில் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

நான் கவலைப்படுகிற ஆள். கேஸை மூடிவிட்டு வாசலுக்கு வருவேன். மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்த பிறகு, பார்க்கப் போனபோது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று இன்னொரு தடவை போவேன். இதை எழுதும்போதுகூட எத்தனை எழுத்துப் பிழை இருக்கும் என்றுதான் கவலை. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாவதோடு, படிப்பை விட்டவள் நான்.

ஆனால் சீனி விஷயத்தில் என் கவலைக்குக் காரணம் இருந்தது. என் அம்மாவுக்குச் சீனி. காஹாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். காலில் ஒரு முள் குத்தியது. அந்தக் காயம் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே. புண்ணைக் கழுவிக் கட்ட வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. என்னைப் பள்ளியிலிருந்து யாரும் நிறுத்தவில்லை. ஒரு வாரம் போகவில்லை, பிறகு ஒரு மாதம் போகவில்லை, பிறகு பள்ளிச் சட்டை எனக்குப் பத்தவில்லை. அவ்வளவுதான்.

என் மூத்தவளுக்கு எட்டு வயது, இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டாக்டர் 'தங்கிடுச்சான்னு' என்றபோது என் காலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவள் பள்ளிக்குப் போடும் நீலப் பினஃபோர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவது தெரிந்தது. தொங்கிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

மீதி மாதங்களை அரைக் கப் சோற்றில் ஓட்டினேன். நாங்கள் இருப்பது பெக்கான் நானாஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்னாசி. கர்ப்பிணி அன்னாசி தின்னக் கூடாது என்று ஒரு பக்கம் பேச்சு, சீனி உள்ளவள் தின்னக் கூடாது என்று இன்னொரு பக்கம் பேச்சு. லாரியில் பழம் போனால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

பையன் பிறந்தான். நல்லபடியாகப் பிறந்தான். பத்தியம் பார்க்கத்தான் ஆள் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மாமியார் மெர்சிங்கில் படகுத்துறைப் பக்கம் ஒரு கேன்டீனில் சமைக்கிறார். தீவுக்கு ஆட்கள் போகிற சீசன் அது, லீவு கிடையாது. கடைசியில் என் வீட்டுக்காரரே பத்தியம் பார்ப்பது என்று முடிவானது. மாமியார் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார், இவர் அதன்படி செய்வார்.

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிள்ளை பெற்றவளை வெந்நீரில் குளிப்பாட்டுவதையும் அவர் அந்த வேலையாகவே எடுத்துக்கொண்டார். தூக்குவார், திருப்புவார், மெதுவாக இறக்கி வைப்பார். பின்னால் போகும்போது அந்த வண்டி பீப் பீப் என்று கத்துமே, அது ஒன்றுதான் குறை.

மாமியாரின் குரல் நாளைக்கு ஏழெட்டு வரும். பின்னணியில் படகு மோட்டார் சத்தமும் கேன்டீன் தட்டுச் சத்தமும் கேட்கும்.

"டேய், பூண்ட நல்லெண்ணெயில வதக்கு. கருக விட்றாத. உன்ன பெத்தப்ப உங்கப்பா கருக விட்டுட்டாரு. அதான் நீ இப்படி இருக்க."

"டேய், அவ தலையில தண்ணி ஈரம் நிக்கக் கூடாது. சாம்பிராணி காட்டு. வீடு புகையா போச்சுன்னு பக்கத்து வீட்டு சீன அங்கிள் பொம்பாவ கூப்பிட்டா, நான் சொன்னேன்னு சொல்லு."

பொம்பா என்றால் தீயணைப்பு வண்டி. அந்த அங்கிள் உண்மையிலேயே ஒரு நாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது வாரம் மெர்சிங்கிலிருந்து பஸ்ஸில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா வந்தது. திறந்தால் ஐஸ்கிரீம் இல்லை, லேகியம். இஞ்சி, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறி, ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி கறுப்பாக இருந்தது. நான் உடனே மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, இதுல சீனி இருக்கா?"

"ஒரு பொட்டு சீனி இல்லமா. சீனி உள்ள ஆளுக்கு சீனி போட்டு குடுப்பேனா நானு? என்ன பார்த்தா அப்படியா தெரியுது?"

"இல்லத்தை, சும்மா கேட்டேன்."

"கேளு, கேளு. நீ கேக்கலனாதான் எனக்கு ஒடம்பு சரியில்லாம போயிடும்."

லேகியத்தை விடியற்காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலான சூராவில் பாங்கு சொல்லும் நேரம் என் வீட்டுக்காரர் எழுந்து போய், எலுமிச்சை அளவு ஒரு உருண்டை உருட்டிக்கொண்டு வருவார். விளக்குப் போட மாட்டார். நான் கண்ணைத் திறக்க மாட்டேன், வாயை மட்டும் திறப்பேன். அவர் போடுவார், நான் மென்றுகொண்டே தூங்கிப் போவேன். சில நாள் எழுந்து உட்கார்ந்து, "லேகியம் குடுத்தீங்களா இல்லையா?" என்று நானே அவரைக் கேட்பேன். அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

டெஸ்ட் நாள் வந்தது. முதல் நாள் இரவு பத்து மணியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று கிளினிக்கில் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அதை இருபது தடவையாவது படித்திருப்பேன். காலையில் பற்பசை இனிக்கிறதே என்று வெறும் பிரஷ்ஷால் பல் தேய்த்தேன். மகளுக்கு இவர் முட்டை பொரிக்கப் போனபோது தடுத்தேன்.

"வெங்காயம் போடாதீங்க."

"ஏம்மா, நீயா சாப்பிட போற?"

"வாசம் உள்ள போகுதுல்ல. ரத்தத்துல காட்டிடுச்சுன்னா?"

அவர் முட்டையை மட்டும் பொரித்தார். பத்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர்.

பள்ளி விடுமுறை என்பதால் மகளும் வந்தாள். நாங்கள் நால்வரும் ஏழே முக்காலுக்கெல்லாம் கிளினிக்கில் இருந்தோம். மிஸ்ஸி கூப்பிட்டார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இந்த மிஸ்ஸி ஐம்பதை நெருங்கும் மலாய்க்காரப் பெண்மணி. தலைத்துணியில் ஒரு ஊசி குத்தி, அதில் சின்னப் பூ வைத்திருப்பார். மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"புவாசா?" என்றார். விரதம் இருந்தாயா என்று கேட்கிறார்.

"புவாசா மிஸ்ஸி. ராத்திரி எட்டு மணிக்கே சாப்பிட்டுட்டேன். அதுக்கப்புறம் தண்ணிதான்."

விரலில் குத்தி, ரத்தத்தை அந்தச் சின்ன மெஷினில் வைத்தார். மெஷின் யோசித்தது. மிஸ்ஸி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தினார். மறுபடியும் மெஷினைப் பார்த்தார்.

"காப்பி குடிச்சியா?"

"இல்ல மிஸ்ஸி."

"பிஸ்கட்? ஒரு வாய் சோறு? பிள்ளைக்கு ராத்திரி பால் குடுக்கும்போது பசிச்சு ஏதாவது?"

"சத்தியமா இல்ல. பல்லுகூட பேஸ்ட் இல்லாமதான் தேய்ச்சேன்."

மிஸ்ஸி ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகத்தில் எழுதினார். வெறும் வயிற்றில் ஆறைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு மனப்பாடம். டெஸ்டுக்காகக் குடிக்க வேண்டிய சீனித் தண்ணீரை இப்போது கொடுக்க மாட்டேன், டாக்டர் முதலில் பார்க்கட்டும், வெளியே உட்கார் என்றார்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை எண்ணினேன். பத்து இருந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. என் மிக்ஸியை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். நாத்தனாருக்குக் கொடுத்தால் ஒரே மாதத்தில் பிளேடை உடைத்துவிடுவார். இவர் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வாரா? வருகிறவளுக்கு இந்த மாமியாரின் வாட்ஸ்அப்பைத் தாங்க முடியுமா? அந்தப் பெண் மேல்கூட எனக்குப் பாவமாக இருந்தது. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விரல்கள் ரொம்பச் சுறுசுறுப்பு. கட்டுப்போடக்கூட நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் காலுறையை அவள் கையிலிருந்து வாங்கி நானே மாட்டினேன்.

"ஏங்க, தங்கிடுச்சுங்க" என்றேன்.

"இரு, இரு. அம்மாவுக்கு சொல்லிட்டேன். அவங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். எங்கள் வீட்டில் எந்த விபத்துக்கும் முதல் போன் மெர்சிங்குக்குத்தான் போகும்.

பதில் குரல் வந்தது. தொழிற்சாலைச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் போனில் சத்தத்தைக் கடைசிவரை வைத்திருப்பார். அப்படியே அமுக்கிவிட்டார். கிளினிக் முழுக்க மாமியார் குரல் கேட்டது.

"ஒம்போதா? அதெல்லாம் பயத்துல ஏறுறதுடா. அவ பயப்படாம இருந்தா பாதி வியாதி போயிடும். சரி, அத வுடு. காலைல லேகியம் குடுத்தியா இல்லியா? நேத்தே சொன்னேன், ரத்தம் எடுக்கப் போறாங்க, ஒடம்புல சத்து வேணும், இன்னைக்கு ரெண்டு உருண்டையா குடுன்னு. குடுத்தியாடா?"

பின்னணியில் ஒரு படகு ஊதியது. குரல் முடிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எதிர் வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"குடுத்தீங்களா?" என்றேன்.

"குடுத்தேனே" என்றார், குரல் இறங்கிப் போய். "பாங்கு சொன்னப்ப. ரெண்டு. நீ ரெண்டையும் நல்லா மென்னு சாப்பிட்ட."

நான் நாக்கால் கடைவாய்ப் பல்லைத் துழாவினேன். அங்கே ஒரு இஞ்சி நார் சிக்கியிருந்தது. பேஸ்ட் போட்டுத் தேய்த்திருந்தால் போயிருக்கும்.

"அதுல சீனி இல்லன்னு அம்மா சொன்னாங்கல்ல" என்றார்.

எதிரே இருந்த பெண் தானாகவே பேசினாள். "அண்ணே, அது கூலா மெலாக்கா போட்டுக் கிண்டுறது. எங்க வீட்டுலயும் அப்படித்தான். பாதிக்குப் பாதி இருக்கும்."

கூலா மெலாக்கா இங்கே தென்னையிலிருந்து எடுக்கும் கருப்பட்டி. அதுவும் சீனி மாதிரியேதான் இனிக்கும். அதைச் சீனி என்று மாமியார் வாழ்நாளில் நினைத்ததில்லை. நாங்களும் நினைத்ததில்லை. அதைவிடக் கேவலம், அந்த உருண்டையைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெங்காய வாசத்துக்குப் பயந்தவள் நான்.

டாக்டர் கூப்பிடுவதற்குள் மிஸ்ஸியிடம் போய்ச் சொல்ல வேண்டும். இவர் சொல்வார் என்று நான் பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவர் பார்த்தார். கடைசியில் மகள் போய், பள்ளியில் படித்த மலாயில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "மிஸ்ஸி, அம்மா புவாசா இல்ல. அப்பா ரெண்டு உருண்டை குடுத்துட்டாரு."

"என்ன உருண்டை?"

வீட்டுக்காரர் பிள்ளையின் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். ரத்தம் எடுத்ததும் இன்னொரு உருண்டை கொடுக்கச் சொல்லி மாமியார் உத்தரவாம். கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

மிஸ்ஸி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அலமாக்!" என்றார், ஐயையோ என்பது போல. பிறகு உள்ளே இருந்த இன்னொரு மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சிரித்து முடித்த மிஸ்ஸி என் தோளில் கை வைத்தார்.

"நான் பிள்ளை பெத்தப்ப எனக்கு எங்கம்மா ஜாமு மருந்து குடுத்தாங்க, ஒரு பானை நெறைய. எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. பிள்ளைக்கு ஊசி போட எல்லா அம்மாவும் வராங்க. தனக்கு ஊசி குத்திக்க மட்டும் வரமாட்டாங்க. வேலை, லீவு இல்ல, வண்டி இல்ல. வராத ஆள நான் போன் பண்ணி கெஞ்சணும். நீ உருண்டை தின்னுட்டாவது வந்திருக்க. அடுத்த வாரம் வா. ஒழுங்கா புவாசா இரு."

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கும் மெர்சிங்குக்கும் நடந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

"சீனி போடலன்னு சொன்னீங்களே அத்தை."

"போடலையே. கூலா மெலாக்காதானே போட்டேன். அது மரத்துல இருந்து வர்றது."

"சீனியும் கரும்புல இருந்துதானே அத்தை வருது."

வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, மாமியார் கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. மாமியார் கோபித்துக்கொண்டார், இனி செத்தாலும் பேச மாட்டார் என்று நான் கவலைப்பட்டேன். மறுநாள் காலை குரல் வந்தது.

"சரி. அரை உருண்டையா குடு. டெஸ்டுக்கு முந்தின நாள் குடுக்காத. மிச்சத்த தூக்கிப் போட்டீங்கன்னா எனக்கு கெட்ட கோவம் வரும். பஸ்ஸுல போட்டு விடு. நான் சாப்பிட்டுக்குறேன்."

மன்னிப்பு கேட்கிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவருக்குத்தான் அந்தக் குரல் புரியும்.

இரண்டாவது டெஸ்ட் நாள், விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. முந்தின மாலையே லேகிய டப்பாவை அவர் மேல் அலமாரியில் வைத்து, தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றினார். மகள் ஒரு தாளில் பெரிதாக 'புவாசா' என்று மலாயில் எழுதி அதன் மேல் ஒட்டினாள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். திரும்பவும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

விடியற்காலையில் பாங்கு கேட்டது. பழக்கம், என் வாய் தானாகத் திறந்தது. அடுப்படியில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு என் மகளின் கத்தல்.

"அப்பா! புவாசா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் அலமாரிக்கு முன்னால் பாதிக் கண் மூடியபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் உரித்த டேப் தொங்கியது, மறு கையில் டப்பா. மகள் பாவாடையோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரை மறித்து நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலமா" என்றார் அவர். "கை தானா போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. போனை எடுத்து டார்ச் போட்டாள்.

"அம்மா, வாயத் தொறங்க."

திறந்தேன்.

"நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்." பல்லுக்கு இடையில் எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சீங்களா? எவ்ளோ?" கேட்டுவிட்டு, பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் இன்னைக்கு ஸ்கூல் போகலமா. உங்க கூட கிளினிக்குக்கு வரேன். அப்பாவ நம்ப முடியாது."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் காலை மடியில் வைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கில் பார்த்த காலைகள் எனக்கு ஞாபகம் வந்தன. "இங்க வலிக்குதா? இங்க?" என்று நானும் இதே குரலில்தான் கேட்டேன். முதல் நாள் நானும் 'இன்னைக்கு ஒரு நாள்தான்' என்றுதான் சொன்னேன். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

"டார்ச்ச அணை" என்றேன்.

"இல்லமா, நான்..."

"அணைனு சொன்னேன். என் வாய நான் பார்த்துக்குவேன். நீ போய் குளி."

கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. உட்கார வைத்து, இரட்டைச் சடை போட்டுவிட்டேன். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டேன். "அம்மா, கண்ணு இழுக்குது" என்றாள். அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். நீலப் பினஃபோரை ஆணியிலிருந்து நானே எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் அவளைப் பள்ளியில் இறக்கி, என்னையும் பையனையும் கிளினிக்கில் இறக்கி, வேலைக்குப் போனார். மறுபடியும் லீவு போட்டால் அவருடைய மேற்பார்வையாளர் மெர்சிங்குக்கே போன் போடுவார்.

மிஸ்ஸி குத்தினார். மெஷின் யோசித்தது. மிஸ்ஸி கட்டைவிரலை உயர்த்தினார். கையிலிருந்து ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். பிறகு அந்த ஒரு டம்ளர் சீனித் தண்ணீர் வந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். எத்தனையோ மாதம் ஒரு இனிப்பைக் கண்ணால் பார்க்காமல் இருந்தவளுக்குக் கிளினிக்கே கூப்பிட்டுக் கொடுக்கிறது! முதல் வாய் சொர்க்கம். மூன்றாவது வாயில் தொண்டை ஒட்டிக்கொண்டது. கடைசி வாயில், தீபாவளிக்கு வாங்கிய ஜாங்கிரி டப்பா முழுவதையும் ஒருத்தி பிழிந்து என் வாயில் ஊற்றியது போல இருந்தது.

இரண்டு மணி நேரம் நடக்காமல், எதையும் சாப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்து, மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். பையனுக்குப் பால் கொடுத்தேன். குடித்துவிட்டு அடித்துப்போட்டது போலத் தூங்கினான். சீனி அவனுக்கும் போய் மயங்கிவிட்டானோ என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். "அவன் பிள்ளை. பிள்ளைங்க தூங்கும்" என்றார். இரண்டு மணி நேரத்தில் அவரிடம் நான் ஒன்பது கேள்வி கேட்டேன். பத்தாவது கேட்கப் போனபோது அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

முடிவு அடுத்த வாரம் பையனுக்கு ஊசி போடப் போனபோதுதான் கிடைத்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் வயிற்றுல சரியா இருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது கொஞ்சம் கூட."

"கூடன்னா... தங்கிடுச்சா டாக்டர்?"

"இல்ல. சீனி நோய் இல்ல. அதுக்காக சரின்னும் சொல்ல மாட்டேன். நடுவுல இருக்கீங்க. நடங்க, சோற அளந்து சாப்பிடுங்க. வருஷா வருஷம் வந்து இந்த டெஸ்ட எடுங்க. வந்துகிட்டே இருந்தீங்கன்னா, ஏறினாலும் ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம்."

உண்டு என்றால் அழுதிருப்பேன். இல்லை என்றால் நம்பியிருக்க மாட்டேன். நடுவில் என்றதும் எனக்கு என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு பார்த்தால் ஒரு மாதிரி தெம்பாக இருந்தது. சும்மா இருக்கும்போதே அடுப்பை மூன்று தடவை பார்க்கிறவள் நான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார் என்று ஒருத்தர் சொன்னால், அது எனக்கு ஒரு வேலையா? அம்மாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாரா என்றும் தெரியவில்லை. முள் குத்திய பிறகுதான் அவருக்குச் சீனி இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

வெளியே மிஸ்ஸி அடுத்த வருஷத்துக்குத் தேதி போட உட்கார்ந்தார். சுவரில் இருந்த அடுத்த வருஷ நாள்காட்டியில், பள்ளி விடுமுறை நாட்களைக் கலர் பேனாவால் கட்டம் போட்டு வைத்திருந்தார். பிள்ளை உள்ள அம்மாக்கள் எல்லாரும் விடுமுறையில்தான் கேட்பார்கள், பெரிய பிள்ளை வந்தால் சின்னதைப் பார்த்துக்கொள்ளும் என்றார். பேனாவை ஒரு கட்டத்துக்குள் கொண்டுபோனார்.

"வேணாம் மிஸ்ஸி. பள்ளிக்கூடம் இருக்கிற நாளா பார்த்துப் போடுங்க."

"அப்ப சின்னவன யாரு பார்ப்பா?"

"நான்தான். தூக்கிட்டு வந்துடுவேன்."

மிஸ்ஸி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டத்துக்கு வெளியே ஒரு நாளைத் தேடி எழுதினார். பிறகு பேனாவை வைக்காமல், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்: உருண்டையும் கூடாது.